இணையப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஃபார்மட் கடைசிக் கேள்வி

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைத் துணிக்கடைகள், வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்பவர்கள், கோயில் தொண்டூழியர்கள் என்று எல்லாரும் இணையப்பக்கத்தைப் புதுப்பிக்க உட்காருவார்கள். பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றதும் வரும் முதல் கேள்வி: "வெப்பிக்கு மாத்திடலாமா, இல்ல ஏவிஐஎஃபா?" வெப்பி (WebP), ஏவிஐஎஃப் (AVIF) இரண்டும் படத்தைச் சிறிய எடையில் சேமிக்கும் புதிய கோப்பு வகைகள், அதாவது ஃபார்மட்கள். கேள்வியில் தப்பில்லை, அது வரும் இடம்தான் தப்பு. படம் எத்தனை பிக்சல், உள்ளே இருப்பது புகைப்படமா எழுத்தா, கையில் இருப்பது மூலக்கோப்பா அல்லது ஏற்கெனவே இரண்டு முறை நசுங்கி வந்ததா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஃபார்மட் பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

பிக்சலைக் குறைக்காமல் ஃபார்மட்டை மாற்றுவது

கைப்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் படம் 4032×3024 பிக்சல். ஏறத்தாழ 1 கோடியே 22 லட்சம் புள்ளிகள். அதே படம் கைப்பேசித் திரையில் காட்டப்படும் அகலம் பெரும்பாலும் 400 சிஎஸ்எஸ் பிக்சலுக்குள்தான் (இணையப்பக்கம் அளவெடுக்கும் அலகு இது; அடர்ந்த திரையில் ஒன்றே பல நிஜப் புள்ளிகளாகும்). திரை மும்மடங்கு அடர்த்தி கொண்டது என்று வைத்துக்கொண்டாலும் 1200 பிக்சல் அகலம் போதும். 1200×900 என்றால் புள்ளிகள் 11 மடங்குக்கு மேல் குறைகின்றன. எந்தப் புது ஃபார்மட்டும் இந்தக் குறைப்பைத் தராது.

கோப்பின் எடையைச் சுருக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். 12 மெகாபிக்சல் படத்தை 300 கேபிக்கு நசுக்கினாலும், உலாவி அதை விரித்துத்தான் திரையில் வரைய வேண்டும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 49 எம்பி நினைவகம். பக்கத்தில் இப்படி இருபது படம் இருந்தால், விலை மலிவான ஆண்ட்ராய்ட் கைப்பேசி தடுமாறும். இங்கே தமிழ்ப் பக்கங்களைப் படிப்பவர்களில் ப்ரீபெய்ட் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் எத்தனையோ பேர். வீட்டு ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து "வேகமாத்தானே வருது" என்று முடிவு கட்டக் கூடாது.

சரியான வரிசை இது: முதலில் தேவையான பகுதியை மட்டும் வெட்டு, அடுத்து பிக்சலைக் குறை, தேவைப்பட்டால் லேசாக ஷார்ப்பன் செய் (ஓரங்களைக் கூர்மையாக்கு), கடைசியாகத்தான் சுருக்கு. முழு அகலப் பேனருக்கு 2000 பிக்சல், கட்டுரைப் படத்துக்கு 1200, பொருள் பட்டியலில் வரும் சிறு படத்துக்கு 600 என்று தொடங்கலாம். 72 டிபிஐ, 300 டிபிஐ எண்களைத் திருத்திக்கொண்டு நேரம் கழிக்க வேண்டாம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் அது அச்சகத்துக்கான குறிப்பு. உலாவி அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எழுத்துள்ள போஸ்டரை ஜேபெக்காகச் சேமிப்பது

தமிழ்ப் பக்கங்களில் அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஜேபெக் (JPEG, கோப்புப் பெயரில் .jpg) 1992இல் தரப்படுத்தப்பட்டது, புகைப்படத்துக்காகவே பிறந்தது. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் மெல்ல மாறும் பகுதியை நன்றாக வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுண்விவரத்தைத் தோராயமாக்கும். முகம், வானம், பூமாலை என்றால் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தோ முழுக்க முழுக்கச் சட்டென்று மாறும் ஓரங்களால் ஆனது. தோராயமாக்கியதன் பிழை எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் சாம்பல் துகள்களாக நிற்கும்.

இரண்டாவது அடி நிறத்தில் விழுகிறது. ஜேபெக் ஒளியளவையும் நிறத்தையும் தனித்தனியே சேமிக்கும். பெரும்பாலான செயலிகள் 4:2:0 என்ற முறையைப் பயன்படுத்துகின்றன: ஒளியளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு, நிறம் மட்டும் 2×2 பிக்சலுக்கு ஒன்று. கறுப்பு எழுத்து வெள்ளைப் பின்னணியில் இருந்தால் பெரிய சேதமில்லை, ஒளியளவு காப்பாற்றிவிடும். இப்போது ஒரு பொங்கல் போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள், வாழையிலைப் பச்சையில் சிவப்பு எழுத்து. தூய சிவப்பின் ஒளியளவு 255க்கு 76. பச்சை 128 என்ற அளவில் இருக்கும் இலைப்பச்சையின் ஒளியளவு 75. அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளியில் வேறுபாடே இல்லை, நிறம் ஒன்றுதான் பிரித்துக் காட்டுகிறது. அந்த நிறத்தையே பாதித் துல்லியத்தில் சேமித்தால் ஓரம் கரைந்து வழியும்.

அதில் முதலில் பலியாவது புள்ளி. 28 பிக்சல் உயர எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பிக்சல் அளவுதான் இருக்கும். நிற மாதிரி ஒன்றோ இரண்டோதான் அதற்குக் கிடைக்கும். கரைந்துபோனால் "முறுக்கு" "முறுககு" ஆகிறது, "பட்டு" "படடு" ஆகிறது. ஆங்கில எழுத்துக்கு இந்த அளவு நஷ்டமில்லை. அதனால்தான் ஒரே போஸ்டரில் ஆங்கில வரி தெளிவாகவும் தமிழ் வரி அழுக்காகவும் தெரிகிறது. எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாவற்றிலும் நல்ல வழி, எழுத்தைப் படத்தில் வைக்காமல் பக்கத்திலேயே யூனிகோடில் தட்டச்சிடுவது. தேடலில் வரும், திரைவாசிப்பான் படிக்கும், பெரிதாக்கினால் உடையாது. போஸ்டராகத்தான் வேண்டும் என்றால் பிஎன்ஜி (PNG) அல்லது இழப்பில்லா வெப்பி, இரண்டும் விவரம் எதையும் தள்ளாமல் சேமிப்பவை. சமநிறப் பின்னணி கொண்ட போஸ்டருக்கு பிஎன்ஜியின் நிறங்களை 64 ஆகக் குறைத்தால் கோப்பு வெகுவாகச் சிறுத்துவிடும். ஸ்கூஷ் (Squoosh) என்ற படம் சுருக்கும் செயலியில் "ரெட்யூஸ் பேலட்" என்ற தேர்வு அதைச் செய்யும். பின்னணியில் நிறம் மெல்ல மங்கிச் சென்றால் 64 நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது 256 வரை ஏற்றிப் பாருங்கள்.

போஸ்டரின் பாதி புகைப்படம், பாதி எழுத்து என்றால்? ஜேபெக்கில் நிறத்தைக் குறைக்காத 4:4:4 முறையைத் தேர்ந்து, சேமிக்கும்போது செயலி கேட்கும் தர எண்ணை 85க்கு மேல் வையுங்கள். இழப்புள்ள வெப்பியை இங்கே நம்ப வேண்டாம். அது எப்போதும் 4:2:0தான், மாற்ற வழியில்லை. ஷார்ப் ஒய்யூவி என்ற தேர்வு ஓரளவு சமாளிக்கும், அவ்வளவே. ஏவிஐஎஃப் 4:4:4ஐ ஏற்கும்.

இதன் மறுதலையும் நடக்கிறது. "பிஎன்ஜி தரமானது" என்று கேள்விப்பட்டு, இட்லித் தட்டின் புகைப்படத்தை பிஎன்ஜியாகப் போடுவார்கள். ஜேபெக்கில் 200 கேபியில் முடியும் 1200 பிக்சல் படம் அதில் ஒன்றரை எம்பியைத் தாண்டும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. ஏற்கெனவே நசுங்கிய ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் போன விவரம் திரும்பாது. அழுக்கு அப்படியே உறைந்து எடை மட்டும் கூடும்.

லோகோவுக்கு எஸ்விஜி (SVG), புள்ளிகளாக இல்லாமல் கோடும் வடிவமுமாகச் சேமிக்கும் வகை. ஆனால் தமிழ் எழுத்துள்ள எஸ்விஜியை ஏற்றுமதி செய்யும் முன் எழுத்தை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றுங்கள். படமாகச் செருகிய எஸ்விஜி வெளி எழுத்துருவை ஏற்றிக்கொள்ளாது. பார்ப்பவர் கருவியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதில்தான் கடைப்பெயர் தெரியும்.

80 என்றால் எல்லாவற்றிலும் 80 என்று நினைப்பது

தர எண் சதவீதம் அல்ல. ஒவ்வொரு ஃபார்மட்டும், ஏன், ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. மோஸ்ஜேபெக் (ஜேபெக் சேமிக்கும் ஒரு கருவி) 75, வெப்பி 75, ஏவிஐஎஃப் 50 என்று தொடங்கி, கண்ணால் பார்த்து ஏற்றி இறக்குங்கள். மூன்றையும் 80இல் வைத்து எடையை ஒப்பிட்டு "ஏவிஐஎஃப் பெரிசா லாபம் இல்ல" என்று சொல்வது நியாயமான ஒப்பீடு ஆகாது.

ஒப்பிடும்போது 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதும் வீண்வேலை. 100 விழுக்காட்டில், பக்கத்தில் வரும் அளவில் பாருங்கள். கண் போக வேண்டிய இடங்கள்: இருண்ட மூலை, கன்னம், சிவப்பு ஓரம், நெசவு.

நெசவைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஜேபெக்கை அதிகம் நசுக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும், தப்பு நடந்தது உடனே புரியும். ஏவிஐஎஃப் அப்படிக் காட்டிக்கொடுக்காது. நுண்ணிய இழையமைப்பை வழுவழுவென்று மெழுகிவிடும். படம் சுத்தமாகத்தான் தெரியும், பட்டுச்சேலையின் சரிகை இழை மட்டும் காணாமல் போயிருக்கும். சேலையை விற்பதே அந்த இழையைக் காட்டித்தான் என்பதால், துணிக்கடைகள் நெருக்கக் காட்சிப் படங்களுக்கு ஏவிஐஎஃப் தரத்தை 60க்கு மேலே வைத்துப் பார்ப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் வந்ததை மூலக்கோப்பாக எடுத்துக்கொள்வது

குழுவில் பகிர்ந்த படத்தை இறக்கி, வெட்டி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்து, வேர்ட்பிரஸ் என்ற இணையத்தளம் நடத்தும் செயலியில் ஏற்றுவது வாடிக்கையாகிவிட்டது. வாட்ஸ்அப் அனுப்பும்போதே படத்தைச் சிறிதாக்கி நசுக்குகிறது. அதன்பின் ஒவ்வொரு சேமிப்பும் இன்னொரு அடி. வேர்ட்பிரஸும் தான் உருவாக்கும் சிறு அளவுகளுக்கு மீண்டும் சுருக்கும். அதனால் எடுத்தவரிடம் "டாக்குமென்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். வேர்ட்பிரஸுக்குத் தரம் 60இல் நசுக்கிய படத்தைக் கொடுக்காமல், 2560 பிக்சலுக்குள் குறைத்து 90 தரத்தில் கொடுத்தால் அது செய்யும் சிறு படங்கள் தெளிவாக இருக்கும்.

ஐபோனிலிருந்து வரும் எச்இஐசி (HEIC) படக் கோப்பு வேறொரு தலைவலி. சஃபாரி 17 முதல் திறக்கும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் காட்டாது. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று திருத்துவதால் உள்ளே இருப்பது மாறிவிடாது. ஜேபெக்காக ஏற்றுமதி செய்துதான் ஆக வேண்டும். அல்லது கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" தேர்ந்துவிட்டால் அடுத்து எடுப்பவை ஜேபெக்காகவே வரும்.

மெட்டாடேட்டா: அழிக்காமல் விடுவதும், கண்மூடி அழிப்பதும்

மெட்டாடேட்டா என்பது படத்தோடு ஒட்டி வரும் மறைவான குறிப்புகள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் எடுத்த முறுக்குப் படத்தில், கைப்பேசியின் இருப்பிடச் சேவை திறந்திருந்தால், ஜிபிஎஸ் புள்ளியும் சேர்ந்தே பதிவாகும். அதை அப்படியே ஏற்றினால் உங்கள் புளோக் எது என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வீட்டுத் தொழில் செய்பவர்கள் இதை அலட்சியமாக விடக் கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே அடியில் துடைத்தால் இரண்டு குழப்பம் வரும். படம் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்ற குறிப்பும் அதில்தான் இருக்கிறது. அது போனால் நின்ற படம் படுத்துவிடும். நிறங்களை எந்த நிறவெளியில் படிக்க வேண்டும் என்று சொல்லும் நிறக் குறிப்பேடும் போய்விடும். இப்போதைய ஐபோன்கள் டிஸ்பிளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் படமெடுக்கின்றன. குறிப்பு இல்லாத படத்தை உலாவி இணையத்தின் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்றே எடுத்துக்கொள்ளும், அரக்குச் சேலை வெளிறித் தெரியும். முதலில் படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமி, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, பிறகு துடை. அச்சகத்துக்குச் செய்த சிஎம்ஒய்கே (அச்சு மை நிறமுறை) ஜேபெக்கையும் இதேபோல் மாற்றாமல் ஏற்ற வேண்டாம்.

பக்கத்தில் செருகும்போது

ஒரே படத்தைப் பல ஃபார்மட்டில் தரும் பிக்சர் (<picture>) என்ற எச்டிஎம்எல் குறியில் வரிசை முக்கியம். உலாவி தனக்குத் தெரிந்த முதல் ஃபார்மட்டோடு நின்றுவிடும். வெப்பியை மேலே வைத்தால் ஏவிஐஎஃபைச் செய்த உழைப்பு வீண். ஏவிஐஎஃப், வெப்பி, கடைசியில் ஜேபெக். சோர்ஸ்செட் (படத்தின் பல அளவுகளின் பட்டியல்) எழுதி சைஸஸை (படம் எவ்வளவு அகலத்தில் வரும் என்ற குறிப்பு) விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது: திரையின் முழு அகலத்துக்கும் படம் வரப்போகிறது என்று உலாவி கருதி, மூன்று பத்திப் பட்டியலில் உள்ள சிறு படத்துக்கும் பெரிய கோப்பையே இழுக்கும். அகலம், உயரம் இரண்டையும் குறியிலேயே எழுதினால், படம் வந்து சேரும்போது எழுத்து கீழே தாவாது. முதல் திரையில் தெரியும் பேனருக்கு லேசி லோடிங் (உருட்டி அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) போடாதீர்கள். முதலில் வர வேண்டியதை நாமே தாமதப்படுத்துகிறோம்.

அசையும் ஜிஃபுக்கு 1987ஆம் ஆண்டின் வரம்புதான் இன்றும்: ஒரு சட்டகத்துக்கு 256 நிறம். தீமிதிக் காட்சியை ஜிஃபாகப் போட்டால் பல எம்பி ஆகும், பார்க்கவும் சகிக்காது. ஒலியில்லாத எம்பி4 போடுங்கள்.

இணைப்பைப் பகிரும்போது வரும் முன்னோட்டப் படம் மட்டும் 1200×630 அளவில் சாதாரண ஜேபெக்காக இருக்கட்டும். முன்னோட்டத்தை உருவாக்கும் செயலிகள் எல்லாம் ஏவிஐஎஃபைப் படிக்கும் என்று நம்ப முடியாது.

விலை மாறிய போஸ்டரைப் பழைய கோப்புப்பெயரிலேயே ஏற்றினால், முன்பு வந்து போனவர்களின் உலாவி சேமித்து வைத்த பழைய படத்தையே காட்டக்கூடும். பெயரோடு தேதியையோ பதிப்பு எண்ணையோ சேர்த்துப் புதுப் பெயரில் ஏற்றுங்கள். ஏற்றியபின் குரோமின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை ஸ்லோ 4ஜிக்கு இறக்கி, கேஷை (உலாவி சேமித்து வைப்பதை) அணைத்து, பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எடை வாரியாக வரிசைப்படுத்தினால் மேலே நிற்கும் முதல் மூன்று கோப்புகள்தான் அடுத்து கை வைக்க வேண்டியவை.