சின்னப் பிள்ளைகளோடு தேசியப் பூங்காவில் நடக்கலாம், வாங்க: முதல் முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

பாதையின் குறுக்கே எறும்புச் சாரை ஒன்று போகிறது. நான்கு வயதுப் பிள்ளை அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிறது. ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய சிறகு ஒன்றை இழுத்துக்கொண்டு வருகிறது, கூழாங்கல்லில் முட்டுகிறது, சுற்றி வருகிறது, மறுபடியும் முட்டுகிறது. அது கல்லைத் தாண்டும் வரை பிள்ளை எழுந்திருக்காது. பெரியவர்கள் நடக்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு இப்படி நின்று பார்ப்பதுதான் பயணம். அதனால் எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். நிற்பதற்கு எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். கீழே சொல்கிற எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

அந்தப் பூங்காவில் நடக்க அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். பெரிய காட்டு விலங்குகள் உள்ள பல பூங்காக்களில் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. சிலவற்றில் வழிகாட்டியோடுதான் நடக்க முடியும், குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயதும் வைத்திருப்பார்கள். காட்டுத்தீ, மழை, விலங்கு நடமாட்டம் காரணமாகப் பாதையை மூடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாளும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடுத்து தூரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு மணி நேரத்துக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி 200 மீட்டர் ஏற்றமுள்ள 4 கிலோமீட்டர் பாதைக்கு ஏறக்குறைய 70 நிமிடம் ஆகும். ஆனால் அது நல்ல உடல்வாகுள்ள பெரியவர்களுக்கான கணக்கு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூன்றால் பெருக்குங்கள் என்பேன். எழுபது நிமிடப் பாதைக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்கினால் யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

முதல் முறைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். போன வழியிலேயே திரும்பி வருகிற பாதையாகப் பாருங்கள். சுற்றுப்பாதையில் பாதி தாண்டிவிட்டால் மீதியையும் நடந்தே தீர வேண்டும். போன வழியே திரும்புவதென்றால் எந்த இடத்தில் பிள்ளை சோர்ந்தாலும் அங்கேயே திரும்பலாம். நடுவில் ஓடை, மரப்பாலம், ஏறி உட்காரப் பாறை என்று ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள்

காலையில் சீக்கிரம் தொடங்குங்கள். இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அருவி இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற ஆசை எழும்போது இந்த முடிவுதான் கைகொடுக்கும். பிள்ளைக்குப் போகும்போது இருக்கிற தெம்பு வரும்போது இருக்காது.

மலைப்பகுதிகளில் வெயில் காலத்து இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். மேட்டிலிருந்தும் தனிமரத்திடமிருந்தும் விலகி, கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள்.

படி 3: உடையும் பையும்

ஆயிரம் மீட்டர் உயரே போனால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். நனைந்த பருத்தி உடை சீக்கிரம் காயாது, உடல் சூட்டையும் இழுத்துவிடும். குளிரான இடமென்றால் உள்ளே சீக்கிரம் உலரும் துணி, மேலே கம்பளி, அதற்கு மேல் மழைச்சட்டை என்று அடுக்காகப் போடுங்கள். ஷூ புதிதாக வேண்டாம், காலுக்குப் பழகியதே போதும். சாக்ஸ் மட்டும் கூடுதலாக ஒரு ஜோடி எடுங்கள். ஓடை இருக்கிற பாதையில் அது நிச்சயம் நனையும்.

கைக்குழந்தையை முதுகுத்தூக்கியில் வைப்பதென்றால், தலை நன்றாக நின்று, தானாக நிமிர்ந்து உட்காரப் பழகியிருக்க வேண்டும். நமக்கு ஏறுகிற களைப்பில் வியர்த்துக் கொட்டும், முதுகில் அசையாமல் இருக்கிற குழந்தைக்கோ கை கால் சில்லிட்டிருக்கும். அடிக்கடி தொட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீனைவிட நிழலும் உடையும் தொப்பியுமே பாதுகாப்பு.

பெரியவர்கள் பையில் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தண்ணீர், தின்பண்டம், டார்ச், முதலுதவிப் பொருள்கள், அச்சிட்ட வரைபடம், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. காட்டுக்குள் சிக்னல் இருக்காது, அதனால் ஃபோனை நம்பி வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்கும் ஒரு குட்டிப் பை கொடுங்கள், அதில் தண்ணீரும் விசிலும் இருந்தால் போதும்.

படி 4: வழி தவறினால் என்ன செய்வது, வீட்டிலேயே பழக்குங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்காவில் 1981ல் மலைக்காட்டில் ஒரு சிறுவன் வழி தவறி இறந்த பிறகு, தேடுதலில் இருந்தவர்கள் குழந்தைகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம் எளிது: யாரையும் காணோம் என்றால் பக்கத்தில் இருக்கிற மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு.

காரணம் இதுதான். பிள்ளை நடந்துகொண்டே இருந்தால் தேட வேண்டிய இடம் பெருகிக்கொண்டே போகும். தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அசையாமல் இருக்கிற பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். விசிலை மூன்று முறை ஊது, நிறுத்து, மறுபடியும் மூன்று முறை ஊது என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலோ தெருவிலோ விளையாட்டாக ஒத்திகை பாருங்கள். உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறவர்கள் உன்னைத் தேடி வந்தவர்கள், ஒளிந்துகொள்ளாமல் பதில் சொல் என்பதையும், தொலைந்ததற்காக அப்பா அம்மா திட்டவே மாட்டோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டு விழும் என்ற பயத்திலேயே ஒளிகிற பிள்ளைகள் உண்டு.

கிளம்பும் காலையில் பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுங்கள், ஷூவின் அடிப்பாகத்தையும் ஒன்று. தேடுகிறவர்களுக்கு அந்தத் தடம் பெரிய உதவி. சட்டை பச்சையோ பழுப்போ வேண்டாம், காட்டில் பளிச்சென்று தெரிகிற நிறமாக இருக்கட்டும்.

படி 5: பாதையில்

மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள், கடைசியில் கட்டாயம் ஒரு பெரியவர் வரட்டும். பாதை பிரிகிற இடம் வந்தால் எல்லோரும் சேரும் வரை யாரும் நகரக் கூடாது.

பசி வருமுன் கொடுங்கள், உட்கார வைத்துக் கொடுங்கள். நடந்துகொண்டே சாப்பிட்டால் புரையேறும். நான்கைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைப் பருப்புகள் வேண்டவே வேண்டாம். கால் எரிகிறது என்று சொன்னால் அப்போதே ஷூவைக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடத்தில் உடனே பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளம் வராமல் தடுக்கலாம்.

விலங்குகளிடம் எவ்வளவு தள்ளி நிற்பது? அமெரிக்காவில் 1872ல் உருவான யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், காட்டெருமை போன்றவற்றுக்கு 23 மீட்டர் என்று விதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மீட்டர் புரியாது, கட்டைவிரல் புரியும். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் விலங்கு முழுவதையும் மறைக்க முடிந்தால் சரி. முடியவில்லையா, இன்னும் பின்னால் போக வேண்டும். ஓடக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது விலங்குக்கு விலங்கு மாறும், அதை நுழைவாயிலில் வனக்காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் கழிப்பறை. கிளம்பும் முன் எல்லோரையும் போய்வரச் சொல்லுங்கள். வழியில் அவசரம் என்றால், பூங்கா அனுமதிக்கிற இடங்களில், நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். டயப்பரைப் புதைக்காதீர்கள், பையில் கட்டிக் கொண்டுவந்துவிடுங்கள்.

படி 6: திரும்பிய பிறகு

தங்குமிடம் வந்ததும் குளிக்க வைத்து உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குப் பின்னால், முடிக்குள், அக்குளில், இடுப்பில், முழங்காலுக்குப் பின்புறம். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள், பிறகு இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததையும் எந்தப் பூங்காவுக்குப் போனீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.