ஃபைபர் வேகம் வீட்டுக்குள் எங்கே தொலைகிறது? வைஃபையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் இணைப்பு வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, கைபேசியில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பது. பிளானில் 1000 எம்பிபிஎஸ் என்றிருக்கும், திரையில் 180 காட்டும். உடனே கம்பெனிக்காரர்களைத் திட்டத் தோன்றும். சில சமயம் தப்பு அவர்கள் பக்கமும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வேகம் வாசல் வரை ஒழுங்காக வந்துவிட்டு, வீட்டுக்குள்தான் தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்று பார்க்காமலே புது ரவுட்டர் வாங்கிவிடுவதுதான் ரொம்பச் செலவு வைக்கும் தவறு. முதலில் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அப்புறம் சோதியுங்கள். 900-க்கு மேல் வந்தால் லைனில் குறையில்லை. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டில் 940-ஐ ஒட்டித்தான் வரும், முழு 1000 வராது. அதற்காகப் புகார் கொடுக்க வேண்டாம்.

வேகம் 94, 95 என்று வந்து அங்கேயே ஆணி அடித்தாற்போல் நிற்கிறதா? அப்படியானால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் 4 போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும், முனையில் சரியாகக் கடிக்காமல் விட்டிருந்தாலும், இரண்டு பக்கக் கருவிகளும் பெரும்பாலும் கமுக்கமாக 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையம் ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே கிடக்கும் அரை மீட்டர் கேபிள் இப்படி ஆகிவிட்டால், வீட்டில் எத்தனை விலையுயர்ந்த வைஃபை இருந்தும் பயனில்லை. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள். கேபிள் நன்றாக இருந்தும் அதே 95 வந்தால் போர்ட்டைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாக அச்சிட்டு, பின்னால் 100 எம்பிபிஎஸ் போர்ட் மட்டும் வைத்த ரவுட்டர்கள் இருக்கின்றன. அந்த 1200 என்பது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, மேலே ரவுண்டு கட்டிய எண். எந்தக் கைபேசிக்கும் அது மொத்தமாகக் கிடைக்காது.

கம்பியில் எல்லாம் சரி, காற்றில்தான் குறைகிறது என்றால் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஃபைபரை எந்த மூலையில் இறக்க வசதியோ அங்கே இறக்கிவிட்டு டெக்னீஷியன் போய்விடுவார். ரவுட்டரும் அங்கேயே, டிவிக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ குடியேறிவிடும். ஃபைபர் பெட்டி அங்கே இருக்கட்டும், தவறில்லை. ரவுட்டர் தனியாக இருந்தால் நீளமான லேன் கேபிள் போட்டு வீட்டின் நடுவே, கொஞ்சம் உயரத்தில் கொண்டுபோய் வையுங்கள். 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது. காற்றிலோ, 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். ஆன்டெனாவின் முனையைத் துப்பாக்கி மாதிரி அறையை நோக்கித் திருப்புகிறவர்கள் உண்டு. அலை முனையிலிருந்து பாய்வதில்லை, பக்கவாட்டில்தான் பரவுகிறது. ஒரே தளம் என்றால் நிமிர்த்தி வைத்தாலே போதும்.

கைபேசி வேகமான 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகாமல் 2.4-இலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் கவனிக்க வேண்டியது. 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்) 1, 6, 11 மூன்றுதான். காலியாகத் தெரிகிறதே என்று 3-ஐப் போட்டால் இரண்டு பக்க இரைச்சலும் வந்து சேரும். ரவுட்டரில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதன் இரைச்சலும் இங்கேதான் விழும். 5-க்கு மாறியபின் சேனல் அகலத்தைப் பாருங்கள். இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 6 கைபேசி 20 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 287-க்குத்தான் இணையும், 80-இல் 1201 வரை போகும். இதெல்லாம் இணைப்பு வேகம், கைக்கு வருவது இதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான். பழைய வைஃபை 5 கைபேசியில் 500 வந்தாலே நல்ல வேகம், அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை இருந்தால் வேகம் 54-ஐத் தாண்டாது. அதற்குப் பதில் புதிய முறைகளான டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 போடுங்கள்.

சிக்னலே வராத அறையில் ரிப்பீட்டரை வைப்பவர்கள் நிறைய. அங்கே அது எதை வாங்கித் திருப்பி அனுப்பும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்போதும் ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், வாங்கவும் அனுப்பவும் அதே நேரத்தைப் பங்குபோடுவதால் வேகம் பாதியாகிவிடும். முடிந்தால் இரண்டாவது கருவியைக் கேபிளில் இணைத்து ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியாக) போடுங்கள், எந்த ரிப்பீட்டரும் அதற்கு ஈடாகாது.

டிவி, மேசைக் கணினி போன்ற நகராத கருவிகளைக் கேபிளுக்கு மாற்றிவிட்டால் காற்றில் நெரிசல் குறையும். பல டிவிகளில் லேன் போர்ட்டின் வேகம் 100 மட்டுமே, பக்கத்திலேயே ரவுட்டர் இருந்தால் அதைவிட வைஃபை வேகமாகக்கூடத் தெரியும். பரவாயில்லை, 4கே படம் ஓட 25 எம்பிபிஎஸ் போதும்.