எக்ஸ்பா-1 வெட்டவில்லையா? மெத்திலைச் சந்தேகப்படுங்கள்

எக்ஸ்பா-1 என்பது டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் (அதன் தளத்தில்) வெட்டும் என்சைம். உங்கள் பிளாஸ்மிட்டின் (பாக்டீரியாவில் வளர்க்கும் சின்ன வட்ட டிஎன்ஏ) மேப்பில் அந்தத் தளம் தெளிவாக இருக்கிறது, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்தும் ஜெல்லில் வெட்டாத பிளாஸ்மிட்டின் அதே பட்டைகள்தான் தெரிகின்றன என்றால், என்சைம் கெட்டுப்போச்சு என்று உடனே புதுக் குப்பிக்கு ஆர்டர் போடாதீர்கள். தளத்துக்கு இரண்டு பக்கமும் என்ன எழுத்துகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

நாம் வழக்கமாகப் பிளாஸ்மிட் வளர்க்கிற டிஎச்5 ஆல்ஃபா போன்ற ஈ.கோலை பாக்டீரியா வகைகளில், டிஎன்ஏவில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குழுவை ஒட்டும் டாம் என்ற என்சைம் உண்டு. ஜிஏடிசி என்ற வரிசை எங்கே வந்தாலும், எஸ்-அடினோசில் மெத்தியோனினிலிருந்து ஒரு மெத்திலை எடுத்து அங்குள்ள ஏ-யில் ஒட்டிவிடும். எக்ஸ்பா-1 தேடுவது டிசிடிஏஜிஏ. அதற்குள் ஜிஏடிசி கிடையாது, ஆனால் முன்னால் ஜிஏ வந்தாலோ பின்னால் டிசி வந்தாலோ ஜிஏடிசி உருவாகிவிடும், அதில் ஒட்டும் மெத்தில் வெட்டைத் தடுத்துவிடும், அப்புறம் எவ்வளவு என்சைம் ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. பிசிஎல்-1 என்ற இன்னொரு வெட்டும் என்சைமின் பாடு இன்னும் மோசம், அதன் தளமான டிஜிஏடிசிஏ-வுக்குள்ளேயே ஜிஏடிசி இருப்பதால் எப்போதும் தடைதான்.

சந்தேகம் தீர, அதே பிளாஸ்மிட்டை இரண்டு குழாயில் எடுத்து ஒன்றில் டிபிஎன்-1, மற்றதில் டிபிஎன்-2 போடுங்கள். இரண்டும் ஜிஏடிசியைத்தான் வெட்டும், முதலாவது மெத்தில் இருந்தால் மட்டும், இரண்டாவது இல்லாவிட்டால் மட்டும். டிபிஎன்-1 குழாயில் துண்டுதுண்டாகவும் மற்றதில் வெட்டாமலும் இருந்தால், டாம் வேலை செய்திருக்கிறது.

சரி, தீர்வு? டாம் இல்லாத ஜேஎம்110 போன்ற வகைக்கு அந்தப் பிளாஸ்மிட்டை மாற்றி, வளர்த்து, மினிபிரெப் செய்து (பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து) வெட்டுங்கள். காலனி குறைவாக வரலாம், பதறாதீர்கள். ஆனால் ஸ்டாக்கை மட்டும் அதில் வைக்காதீர்கள்: டிஎன்ஏ நகலாகும்போது எது பழைய இழை என்று பழுதுபார்க்கும் என்சைம்கள் கண்டுபிடிப்பதே அந்த மெத்திலை வைத்துத்தான், அது இல்லாவிட்டால் பிறழ்வுகள் கூடும். தேவையான துண்டு சின்னதென்றால் பிசிஆர் செய்துவிடலாம் (அதாவது குழாயிலேயே நகலெடுக்கலாம்), அந்த டிஎன்ஏவில் மெத்திலே இருக்காது.

இதே பிளாஸ்மிட்டைப் பிறகு தளம் குறித்த பிறழ்வுக்கு (விரும்பிய இடத்தில் எழுத்தை மாற்றி நகலெடுப்பதற்கு) வார்ப்பாக, அதாவது மூலப் பிரதியாக, வைக்கப்போகிறீர்களா? அப்போது டிஎச்5 ஆல்ஃபாவில் வளர்த்ததையே எடுங்கள். நகலெடுத்த பிறகு பழைய பிளாஸ்மிட்டை அழிக்க டிபிஎன்-1 போடுவார்கள், ஜேஎம்110-இலிருந்து எடுத்ததை அது தொடாது, தட்டு முழுக்கப் பழைய பிளாஸ்மிட்டின் காலனிதான் முளைக்கும்.