கர்ப்பத்தின் ஏழாம் மாத இடுப்புவலிக்கு எனக்கு உதவியது

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்ததில், ஏழாம் மாதம் இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. கிளினிக்கில் கேட்டேன். பிரஷர் சரியாக இருக்கிறது, மெதுவாக நீவிவிடலாம் என்றார் டொக்டர்.

மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். அதனால் இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுத்தேன். பாதி சுகம் அந்தத் தலையணையாலேயே வந்தது என்பேன். அம்மா இளஞ்சூட்டு நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முதுகெலும்பை விட்டு இருபக்கத் தசைகளை மட்டும் பத்து நிமிடம் நீவினார். கெண்டைக்காலை அழுத்திப் பிசைய நான் விடவில்லை. கர்ப்பத்தில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம்; பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்துவிடலாம்.

ஒரு கிழமையில் இரவு நித்திரை வந்தது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவ வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.