விடைக்கோழிகளைச் சேவலோடு சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை, வாங்கி வந்த அன்றே சேவல் நிற்கும் அடைப்புக்குள் திறந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன் என்பது நினைவுக்கு வந்து உறுத்துகிறது. தண்ணீர் வைப்பது, கூட்டை அடைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துப் பருவத்தை முடிவு செய்தல்

16 வாரத்தில் விடைக்கோழி பார்வைக்குப் பெரிய கோழியைப் போலவே நிற்கும். ஆனால் கொண்டை இன்னும் வெளிறியே இருக்கும். முட்டையிடும் பருவம் நெருங்கும்போதுதான் கொண்டையும் தாடியும் சிவந்து பருக்கும், முதுகில் கைவைத்தால் சிறகைச் சற்றே விரித்துப் பதுங்கும். அதுவரை சேவல் நெருங்கினால் ஓடத்தான் செய்யும். ஓடுவதைத் துரத்திப் பிடித்துப் பிடரி இறகைக் கவ்வி ஏறும் சேவலுக்கு அடியில் கோழி திமிறும்போது, நகமும் கால்முள்ளும் அதன் விலாவைக் கிழித்துவிடும்.

நான் விட்ட நான்கில் ஒன்று இரண்டு நாளாக முட்டைப் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. இடம் புதிது, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கையில் எடுத்துச் சிறகைத் தூக்கிப் பார்த்தபோது, விரல் நீளத்துக்குத் தோல் பிளந்து உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது. மேலே ஓர் இறகுகூடக் கலைந்திருக்கவில்லை. அது பிழைக்கவில்லை. "சேவலே பழக்கிக்கொள்ளும்" என்று அன்று எனக்குச் சொன்னார்கள். இன்றும் அதையே யாராவது சொல்லக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே, பதுங்கும் பருவம் வரும்வரை கம்பிவலைக்கு அப்பால், ஒன்றையொன்று பார்க்கும்படி தனியே வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை சுண்ணாம்புச்சத்து இருப்பதால் அது விடைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தனித் தீவனம் தருவதற்கும் இந்த அடைப்பே வசதி. சேர்த்த பிறகு ஒரு வாரமாவது தினமும் ஒவ்வொன்றின் சிறகையும் தூக்கிப் பாருங்கள்.

மூன்று கோழிக்கு ஒரு சேவல்

எட்டுப் பத்துக் கோழிக்கு ஒன்று போதும்.

இளஞ்சேவலை விடைகளோடே வளரவிடுதல்

ஒரே ஈட்டில் பொரித்தவற்றில் சேவல்தான் பெரும்பாலும் முந்திப் பருவமடைகிறது. அதை மூத்த கோழிகளோடு விட்டால், முறையின்றி ஏற வரும்போது அவை கொத்தி விரட்டும். சிறகைத் தாழ்த்திச் சுற்றிவருவதையும், இரை கண்டால் தான் தின்னாமல் கேறி அழைப்பதையும் காட்டத் தொடங்கிய பிறகு விடைகளிடம் விடலாம். அடித்துத் திருத்த முயலாதீர்கள். அது உங்களையும் போட்டிச் சேவலாகவே எண்ணிப் பாயும்.

சேவலின் கால்முள்ளை அடியோடு வெட்டுதல்

நுனியை மட்டும் அரத்தால் மழுக்க வேண்டும். உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு.