மத்தியான வெயில் சுடுதண்ணீராகிறது

மாங்குளத்தில் எங்கள் விடுதி மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கிறது. நண்பகலில் கூரைச் சோலர் தள்ளும் மின்சாரத்தால் வோல்ட்டேஜ் ஏறும். 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வேர்ட்டர் (சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடும். நல்ல வெயிலில்தான் இந்தக் கூத்து! காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் எங்கள் 300 லீற்றர் ஹீட் பம்ப்போ இரவில், லைன் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மின்வேலை பார்க்கும் தம்பியைக் கொண்டு இன்வேர்ட்டரின் ரிலேயை, அதாவது தானியங்கி சுவிட்சை, ஹீட் பம்ப்போடு இணைத்தேன். வெளியே போகும் மின்சாரம் 1.5 கிலோவாட்டைத் தாண்டினால் ஹீட் பம்ப் ஓடி, தண்ணீரை 60 பாகைவரை சூடாக்கும். ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகு வெப்பம். சூடான காற்று இருந்தால் இன்னும் நல்லது, வன்னியில் அதற்கா பஞ்சம்?

அப்புறம் மேகம், அது வந்தால் சோலர் குறைந்து ஹீட் பம்ப் நின்றுவிடும். அடிக்கடி நின்று ஓடினால் கொம்பிரசர் கெட்டுவிடும், அதனால் தொடங்கினால் குறைந்தது 20 நிமிடம் ஓடும்படி வைத்தோம். மின்சாரம் விடுதியிலேயே செலவாவதால் வோல்ட்டேஜ் அவ்வளவு ஏறுவதில்லை, இன்வேர்ட்டர் நிற்பதும் நன்றாகக் குறைந்துவிட்டது. அயலிலும் சோலர் பூட்டினால் வோல்ட்டேஜ் மறுபடி ஏறும். அதற்கு லைன் கம்பியைத் தடிப்பாக்குவது போல ஏதாவது செய்யவேண்டும்.