லேசர் பிரிண்டரில் போட்டோ: கெடுவது பெரும்பாலும் பேப்பரால்தான்

புதுச்சேரியில் ஸ்டேஷனரி கடைக்குப் போய் 'போட்டோ பேப்பர்' என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதை லேசர் பிரிண்டரில் போடுவதுதான் பெரிய தவறு, செலவு வைப்பதும் அதுதான். லேசர் பிரிண்டர் மை தெளிப்பதில்லை. டோனர் பொடியை மின்னூட்டத்தால் தாளில் படியவைத்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் ஃபியூசர் உருளை அதை உருக்கி அழுத்துகிறது. அந்தச் சூட்டில் இங்க்ஜெட் தாளின் மேல்பூச்சு இளகி உருளையில் ஒட்டிக்கொண்டால், படம் போனதோடு ஃபியூசரையும் மாற்ற வேண்டி வரலாம். உறையில் 'லேசர்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த ஊரில் இன்னொரு ஆசையும் வரும். அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதக்கூடம் 1959 முதல் இயங்குகிறது. அங்கே பூவிதழ் பதித்த தாளைப் பார்த்ததும், இதிலேயே போட்டோ பிரிண்ட் எடுத்துப் பரிசாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் டோனர் சரியாகப் பிடிக்காது. முகமெல்லாம் வெள்ளைப் பொட்டாக இருக்கும். இதழோ நாரோ உள்ளே உதிர்ந்தால் அது தனித் தலைவலி. படத்தை லேசர் தாளில் எடுத்து இதன்மேல் ஒட்டுங்கள், பார்க்கவும் அழகு.

சரியான தாளைப் போட்டுவிட்டு பிரிண்டருக்குச் சொல்லாமல் விடுபவர்கள் நிறைய. 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தடித்த தாளை வைத்துவிட்டு, செட்டிங்கில் 'பிளெயின்' என்றே இருந்தால், சாதாரணத் தாளுக்கான வேகத்திலேயே ஓட்டிவிடும். தடித்த தாள் சூடேற நேரம் போதாது. வந்த படத்தின் கறுப்பான இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் இதுதான் கோளாறு. 'ஹெவி' அல்லது 'கிளாஸி' என்று மாற்றினால் மெதுவாக ஓடும், நன்றாக ஒட்டும். தாளை மேனுவல் ஃபீடில் (கையால் ஒவ்வொன்றாகச் செருகும் வாயில்) விட்டு, பின்கதவு இருந்தால் திறந்து வைத்தால் அதிகம் வளையாமலும் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிரித்துவைத்த கட்டு ஈரத்தைக் குடித்துவிடும். ஈரத் தாளில் மின்னூட்டம் சரியாக நிற்காது. திட்டுத்திட்டாக நிறம் வரும், ஓரம் சுருளும். மீதியை ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

அப்புறம் படம். 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததை நம்பாமல், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பிரிண்டர் செட்டிங்கில் டோனர் சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

எந்தப் படத்தை பிரிண்ட் எடுக்கிறோம் என்பதையும் பார்க்கணும். லேசர், நிறத்தைப் புள்ளிகளாகத்தான் வைக்கும். கடலூர் சில்வர் பீச்சில் எடுத்த படத்தில் பாதிக்கு மேல் வெறும் வானம் என்றால், நீலம் மெல்ல வெளுக்கும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். துறைமுகத்தில் படகும் வலையும் கூடையுமாக நெருக்கமாக இருக்கும் படம் அதே பிரிண்டரில் ஜோராக வரும். வானம்தான் முக்கியம் என்றால் ஸ்டுடியோவுக்கே போய்விடலாம்.

ஆல்பத்தில் வைக்கும்போதும் கவனம் தேவை. பிவிசி உறைக்குள் செருகினால் நாளடைவில் டோனர் பிளாஸ்டிக்கில் ஒட்டி, உருவும்போது படமே பெயர்ந்து வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.